கோவிட் வார்டில் எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் ஏன் ஏறியது?

தேவகோட்டை வாசகர் கேட்டது, 2024 மே 4

2021 மே மாதம் எங்கள் அப்பச்சி கோவிட் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். பிழைத்து வந்துவிட்டார்கள், அதில் குறையில்லை. போன வாரம் வீடு ஒதுக்கும்போது அந்தப் பில் கட்டு கையில் சிக்கியது. ரெம்டெசிவிர் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி, ஒரு நாளைக்கு மூன்று குப்பி, சேர்த்த நாளிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாள் வரை ஓடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது: கோவிட் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர்களில் 100க்கு 8 பேருக்குத்தான் கூடவே பாக்டீரியா தொற்று இருந்ததாம், ஆனால் 75 பேருக்கு ஆன்டிபயாட்டிக் போயிருக்கிறதாம். அப்படியென்றால் எங்களுக்குக் காசுக்காக ஏற்றிய மருந்துதானே அது? மருந்துத் துறையில் இருப்பவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

2024 மே 4, இரவு

அண்ணே, நான் மருந்தாளுநர். இரண்டு அலையின்போதும் காரைக்குடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி பார்மசியில் இரவு டியூட்டி பார்த்தேன். இப்போது காரைக்குடி செக்காலையில் சொந்தமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். காசும் ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முதல் காரணம் இல்லை. ஒரு ரூபாய்கூட வாங்காத அரசு வார்டில் என் சித்தப்பா படுத்திருந்தார். அங்கேயும் சேர்த்த அன்றே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறியது.

நீங்கள் சொல்லும் கணக்கு 65 நாடுகளிலிருந்து எடுத்தது. 2020 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை, ஏறத்தாழ நாலரை லட்சம் உள்நோயாளிகள். மேற்கு பசிபிக் நாடுகளில் 33 சதவீதம் பேருக்குக் கொடுத்தார்கள். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் 83 சதவீதம். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை ஆஸ்பத்திரியில் படுத்த கோவிட் நோயாளிகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம். இத்தனை விதமான ஆஸ்பத்திரிகளில் ஒரே பழக்கம் இருக்கிறதென்றால் பில்லைத் தாண்டி வேறு காரணமும் தேட வேண்டும்.

2024 மே 5

வேறு காரணம் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். பயம். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது.

1918 காய்ச்சலில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகள் 2008ல் எழுதினார்கள்: பெரும்பாலோரைக் கொன்றது வைரஸ் மட்டும் இல்லை, அதன் பின்னாலேயே வந்த பாக்டீரியா நிமோனியா. சாதாரண ஃப்ளூவிலும் இது நடப்பதுதான். டாக்டருக்குப் படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். 2020 மார்ச்சில் புது வைரஸ் வந்து, நோயாளியின் ஆக்சிஜன் அளவு 84 என்று காட்டும்போது, அவருக்கு இரண்டாவது தொற்று இல்லை என்று யார் அடித்துச் சொல்வார்கள்? எங்கள் டியூட்டி டாக்டர் ஒருவர், வயது முப்பதுகூட இருக்காது, வார்டுக்கு மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகவே பேசுவார். "அண்ணே, இதை எழுதாமல் விட்டு இவர் விடியற்காலையில் போய்விட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

2024 மே 5, சற்றுப் பிறகு

இன்னொன்று. வழக்கமாக எதைப் பார்த்துப் பாக்டீரியா என்று சந்தேகப்படுவார்களோ, அந்த அடையாளங்கள் எல்லாம் கோவிட்டில் குழம்பிப்போயின. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. என்ற அளவு ஏறும், ஆனால் அது உடம்பில் அழற்சி என்றுதான் சொல்லும், கிருமி எதுவென்று சொல்லாது. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் வெள்ளையாகத் தெரியும், அது வைரஸாலேயே வரும். 2020 ஜூனுக்குப் பிறகு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது உயிரைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை தானாகவே ஏறும். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கவுண்ட் 16,000 என்று வரும். "கவுண்ட் ஏறுகிறது" என்று செஃப்ட்ரியாக்சோனை நிறுத்திப் பிப்டாஸ் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பிப்டாஸை நிறுத்தி மெரோபெனம். ஸ்டீராய்டு ஏற்றிய கவுண்டுக்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தது எங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அப்படியே தெரிந்தது.

2024 மே 7

ஒரு நண்பர் மெரோபெனத்தைக் கடைசி ஆயுதம் என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் திருத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017ல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று பட்டியலாகப் பிரித்தது. அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்றவை முதல் பட்டியல், தேவைப்பட்டால் தாராளமாகத் தரலாம். இரண்டாவது, கவனமாகத் தர வேண்டியவை. அசித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன், பிப்டாஸ், மெரோபெனம் எல்லாம் இதில்தான். மூன்றாவதுதான் வேறு எந்த மருந்துக்கும் கிருமி அடங்காதபோது எடுக்க வேண்டிய கையிருப்பு. கொலிஸ்டின் அதில் இருக்கிறது. கோவிட் காலத்தில் உலகம் முழுக்க அதிகம் எழுதப்பட்டது இரண்டாவது பட்டியல் மருந்துகள். முதல் பட்டியலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

2024 மே 9

வீட்டுக்காரர்கள் பங்கு பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் நோயாளி இங்கே படுத்திருப்பார், பிள்ளைகள் சிங்கப்பூரில், கோலாலம்பூரில், அமெரிக்காவில். விமானம் கிடையாது, வர முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். "என்ன மருந்து போகிறது? இதைவிடப் பெரிசாக ஏதாவது இல்லையா? பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்." வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய சீட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள், இதே மருந்து எங்கள் ஆத்தாவுக்கும் போட வேண்டும் என்று. நான் அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். பெற்றவளை வார்டில் விட்டுவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களால் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அந்தப் போன் டாக்டருக்கும் போயிருக்கும்.

2024 மே 12

மேலே எழுதியதை மறுபடி யோசித்தேன். வீட்டார் கேட்டதால் ஆரம்பித்தார்கள் என்பது பாதிக் கதைதான். எந்த வீட்டாரும் "பத்தாவது நாள் வரை நிறுத்தாதீர்கள்" என்று கேட்டதில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: முதல் நாள் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்ததைப் பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை. மூச்சுத் திணறி வருகிறவரைப் பார்த்து, அந்த 8 பேரில் இவர் ஒருவரா என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. தவறு மூன்றாம் நாளில் நடந்தது. மூன்றாம் நாள் யாராவது கேஸ் ஷீட்டைப் புரட்டி, "கல்சரில் ஏதாவது வளர்ந்ததா? இல்லையென்றால் இதை நிறுத்து" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லை.

ஆளில்லை என்றால் உண்மையாகவே இல்லை. 2021 மே 24லிருந்து முழு ஊரடங்கு. பாதி சிஸ்டர்களுக்கே பாசிட்டிவ். ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டர் கவச உடையில் வேர்த்துக் கொட்டி, ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிஷம் நிற்பார். "எல்லாம் அப்படியே போகட்டும்" என்பார். அப்படியே போனது. இன்டென்ட் புத்தகத்தில் நேற்றைய சீட்டைப் பார்த்து இன்றைய சீட்டை எழுதினார்கள். மருந்தை ஆரம்பிக்க ஒரு கையெழுத்து வேண்டும். தொடர யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

2024 மே 12, பின்குறிப்பு

கல்சர் என்றால் என்னவென்று கேட்டவருக்கு: ரத்தத்தையோ சளியையோ எடுத்து, கிருமி வளர்கிறதா, வளர்ந்தால் எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பது. ரத்தம் என்றால் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மில்லி, முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி இருந்தாலும் வளராமல் போகலாம். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஓரளவு தெரிந்துவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த வசதி கிடையாது; மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. லேப் பையன் பைக்கில் எடுத்துப் போனால் உண்டு.

2024 மே 19

தேவகோட்டை அண்ணன் ஆஸ்பத்திரியில் கேட்டு அப்பச்சியின் கேஸ் ஷீட் நகல் வாங்கி, பெயரை மறைத்து எனக்கு அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். இரண்டாம் நாள் ரத்தக் கல்சர் எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் ஐந்தாம் நாள் வந்திருக்கிறது: வளர்ச்சி எதுவும் இல்லை. அந்தப் பேப்பர் ஃபைலின் கடைசியில் குத்தி வைத்திருக்கிறது. அதன் பிறகும் மெரோபெனம் வேளை தவறாமல் போயிருக்கிறது. யாரும் அதைப் பார்த்ததாகக் கையெழுத்து இல்லை.

அண்ணே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். முதல் நாள் போட்டது உங்கள் பணத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு போட்டதற்கு மருத்துவக் காரணம் எதுவும் அந்த ஃபைலில் எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களுக்கான கணக்கை நீங்கள் கேட்பது நியாயம்.

2024 மே 21

"கூடுதலாகப் போட்டால் என்ன, ஒரு பாதுகாப்புதானே" என்று ஒருவர். இந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடாதது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 10 ஆஸ்பத்திரிகளில் 17,534 கோவிட் உள்நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. 2021ல் வெளியானது. அதில் 3.6 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியாவோ பூஞ்சையோ கூடச் சேர்ந்திருந்தது. ஆனால் அப்படிச் சேர்ந்தவர்களில் 56.7 சதவீதம் பேர் இறந்தார்கள். மொத்த நோயாளிகளில் இறந்தவர்கள் 10.6 சதவீதம். அந்தத் தொற்றுகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்தவை இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேயே பிடித்தவை. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்று வென்டிலேட்டர் குழாயிலும் ஐ.சி.யூ. படுக்கையிலும் உட்கார்ந்திருக்கிற கிருமிகள்.

இப்போது யோசியுங்கள். கோவிட் வார்டில் கவச உடையோடு இரண்டு கையுறை. மேலே போட்ட கையுறையைக் கழற்றாமலே நான்கு படுக்கை பார்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பார்த்தவர்களைக் குறை சொல்லவும் மனசு வராது. கிருமி படுக்கைக்குப் படுக்கை போகிறது. ஒவ்வொரு படுக்கையிலும் மெரோபெனம் ஓடுகிறது. மெரோபெனத்துக்குச் சாகிற கிருமியெல்லாம் செத்துவிடும். மிச்சம் இருப்பது எது? அதுக்குச் சாகாததுதான். களைக்கு மருந்தடித்த வயலில் மருந்துக்கு அடங்காத களை மட்டும் தழைக்கிற மாதிரி. பாதுகாப்புக்கென்று ஏற்றியது பக்கத்துப் படுக்கைக்காரரின் மருந்தைக் கெடுத்தது. அமெரிக்காவிலும் 2020ல் ஆஸ்பத்திரிக்குள் பிடிக்கிற, மருந்துக்கு அடங்காத தொற்றுகளும் அதனால் வரும் சாவும் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது 15 சதவீதம் கூடின.

பாக்டீரியா தொற்று இல்லாத கோவிட் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக்கால் நன்மை தெரியவில்லை, கெடுதல்கூட இருக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

2024 மே 22

கருப்புப் பூஞ்சை பற்றிக் கேட்டவருக்கு: சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது, ஸ்டீராய்டு, இரண்டும்தான் முதன்மை. ஆன்டிபயாட்டிக்கை அதற்கு நேரடிக் காரணமாக நான் சொல்ல மாட்டேன்.

2024 ஜூன் 2

ஆஸ்பத்திரியை மட்டும் பேசுகிறோம், கடையை விட்டுவிட்டோம் என்று ஒரு அக்கா சொன்னது சரி. அசித்ரோமைசின். 2020 நடுவிலிருந்து சோதனையில் பாசிட்டிவ் வந்தவர், வராதவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்ததால் பயந்தவர், எல்லோரும் "அசித்ரோ 500 ஒரு அட்டை" என்றுதான் வந்தார்கள். சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் செல்போனில் ஒரு படம். ஆராய்ச்சியாளர்கள் விற்பனைக் கணக்கை வைத்துச் சொன்னது: 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தியாவில் கோவிட்டால் கூடுதலாக விற்ற ஆன்டிபயாட்டிக் 21.6 கோடி டோஸ். அதில் அசித்ரோமைசின் மட்டும் 3.8 கோடி.

அத்தனையும் எதற்கு? 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு முடிவு வந்தது. 7,763 உள்நோயாளிகள். அசித்ரோ சாப்பிட்டவர்களிலும் சாப்பிடாதவர்களிலும் 28 நாளில் இறந்தவர்கள் ஒரே அளவு, 22 சதவீதம். அடுத்த மாதம், வீட்டிலிருந்த நோயாளிகளுக்கும் அசித்ரோவோ டாக்ஸிசைக்ளினோ பயன்படவில்லை என்று அங்கிருந்தே இன்னொரு ஆய்வு. நம் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டியிலும் 2020 ஜூனிலேயே அசித்ரோவை எடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டாவது அலையில், அதாவது இந்த முடிவுகள் எல்லாம் வந்த பிறகு, ஊருக்கு ஊர் பிரித்துக் கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தில் அசித்ரோ இருந்தது. நான் கட்டிக் கொடுத்த பொட்டலங்களிலும் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

நஷ்டம் யாருக்கு என்றால் டைபாய்டு வருகிற பிள்ளைகளுக்கு. சிப்ரோஃப்ளாக்சசின் டைபாய்டுக்கு இங்கே பெரும்பாலும் கேட்பதில்லை. வாயால் கொடுக்கக் கையில் மிஞ்சியிருக்கும் சிலவற்றில் அசித்ரோ முக்கியமானது.

2024 ஜூன் 3

கடைக்காரர்கள் சீட்டு இல்லாமல் தருவதால்தானே எல்லாம் என்று கோபப்படுகிறார்கள். கோபம் சரிதான். 2014 மார்ச்சிலிருந்து பல ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தனி ரிஜிஸ்டர் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். 2016ல் மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு பார்த்து வாங்குங்கள் என்று பிரசாரம். கேரளத்தில் இந்த ஜனவரியில் கடை கடையாகப் போய் சோதனை போட்டார்கள். இங்கேயும் வரட்டும், நான் வரவேற்கிறேன். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்லி நான் இழக்கிற வாடிக்கையாளர் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் இன்றைய நிலைமை.

அதே ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது: ஆன்டிபயாட்டிக் எழுதும்போது எதற்காக என்பதையும் சீட்டில் எழுதுங்கள் என்று. எனக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. காரணம் எழுதியிருந்தால் மூன்றாம் நாள் வருகிற வேறொரு டாக்டர் தைரியமாக நிறுத்தலாம். என் கடைக்கு வருகிற சீட்டுகளில் காரணம் எழுதியவை அபூர்வம்.

2024 டிசம்பர் 20

பழைய இழையைத் தூக்கிவிடுகிறேன், செய்தி அப்படி. அசித்ரோ மோகம் எங்கிருந்து வந்தது என்று ஜூனில் கேட்டார்கள். 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரத்திலிருந்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. மொத்தம் 36 நோயாளிகள். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினோடு அசித்ரோவும் சேர்த்தால் வைரஸ் சீக்கிரம் மறைகிறது என்றது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கட்டுரையை இந்த மாதம் பத்திரிகை திரும்பப் பெற்றுவிட்டது. நாலே முக்கால் வருஷம் கழித்து. 36 பேரை வைத்து எழுதிய ஒரு பேப்பர் செக்காலை மெடிக்கல் வரைக்கும் வந்து அட்டை அட்டையாகக் காலி செய்துவிட்டுப் போனது. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

2025 ஜனவரி 18

பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு நண்பர், இந்த இழையைப் படித்தவர், கடைக்கு வந்தார். அவர் ஐயா நினைவாக ஊரில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டுமாம். ஏ.சி. அறை கட்டித் தரலாமா, ஆம்புலன்ஸ் வாங்கலாமா என்று கேட்டார். நான் ரத்தக் கல்சர் மெஷின் என்றேன். அவர் முகம் கொஞ்சம் விழுந்தது. அறை என்றால் வாசலில் கல்வெட்டு வைக்கலாம், மெஷின் லேப் மூலையில் கிடக்கும். ஆனால் இது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்த ஊர். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கும் காசு கொடுத்துப் பழகிய ஊர்தான்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். மெஷின் விலை மட்டும் பேசாதீர்கள். பாட்டில் தீரத் தீர வாங்க வேண்டும். அதற்கு வருஷச் செலவு ஒதுக்குங்கள். மைக்ரோபயாலஜி படித்த ஒருவருக்குச் சம்பளம் வேண்டும், இல்லையென்றால் மெஷின் துணி போர்த்தி நிற்கும். மூன்றாவது, ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் ஒன்றை எழுதி வாங்குங்கள்: எந்த ஆன்டிபயாட்டிக் ஊசியும் 72 மணி நேரத்துக்கு மேல் தொடர வேண்டுமானால், கல்சர் ரிசல்ட்டைப் பார்த்து ஒரு டாக்டர் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் பார்மசி மருந்தை அனுப்பாது. இதற்குக் காசே வேண்டாம்.

அவர் வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். இந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியிலாவது இப்போது சொந்தமாகக் கல்சர் பார்க்கிறார்கள் என்றால், எத்தனை மணி நேரத்தில் ரிசல்ட் தருகிறார்கள் என்பதோடு எழுதுங்கள். அவரிடம் காட்ட வேண்டும்.